கல்லுல இல்லாத பேரு

கிட்ட வாங்கடா. பால்கனி லைட்ட அணைச்சுடு. இது நம்ம ராஷித்தோட மாமு, ஆட்டோ ஓட்றாரே ஹுமாயூன், அவருக்கு நடந்தது.

ராத்திரி ஒன்றரை மணி. முத்தாபுதுப்பேட்டை தாண்டி உள்ள ஒரு சின்ன ஊரு... பேரு வேணாம். ஓடைப் பாலத்தைத் தாண்டுனாத்தான் மெயின் ரோடு. ஆட்டோல பின்னால பவ்யா. தலைப்பிரசவத்துக்கு அப்பன் ஊட்டுக்கு வந்த பொண்ணு, வலி தாங்காம கத்திகினு கீது. பக்கத்துல அப்பன் தசரதன்.

இந்தாளு இன்னா பண்ணான் தெரியுமா? அந்த வாரந்தான் கோயில்ல ஊர் வரலாறுன்னு ஒரு கல்லு வச்சான். 'வாந்திபேதி வந்தப்போ எங்க தாத்தா வழியை அடைச்சு ஊரைக் காப்பாத்தினாரு'ன்னு அதுல பெருமை வேற!

அடைச்சது நெசந்தான். அப்ப ஊரும் மெயின் ரோடும் ஓடைக்கு இந்தாண்ட, குடிசைங்க அந்தாண்ட. பேதி வந்ததும் தாத்தா பாலத்துல முள்ளு வெட்டிப் போட்டுட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவ வந்த புள்ளத்தாச்சியக்கூட உடல. முள்ளண்டயே கெடந்து செத்துச்சு. அத்தினி குடிசையும் காலி. அந்த மேட்டுலதான் இப்ப தசரதன் பங்களா. கல்லுல இதெல்லாம் கெடையாது. பாவிங்க.

பாலத்தண்ட வந்தா... பிரேக்கு. குறுக்கால ஆளு உசரத்துக்கு முள்ளு. அப்பத்தான் வெட்டுன பச்சை வாசனை... கூடவே வாந்தி நாத்தம். ஹுமாயூன் இழுத்து இழுத்துப் போட்டாரு. கையெல்லாம் ரத்தம். சரக்... சரக்... மறுபடி மூடிகினே வருது.

பவ்யாவுக்கு இப்ப கத்தக்கூட தெம்பு இல்ல. தசரதன் எறங்கிக் கும்புட்டான்.

"தாயே... என் பொண்ண உட்டுடு!"

முள்ளண்ட, தரையிலேர்ந்து... ஒரு பொம்பள கொரலு. மூச்சு வாங்கிகினே கேக்குது.

"என் பேரு இன்னா?"

தசரதன் ஏழு தலைமுறை பாட்டன் பேரெல்லாம் கடகடன்னு சொல்லுவான். இது தெரியல.

"பொண்ணு போவட்டும். நீ சொல்லிட்டு வா."

முள்ளு, ஒரு ஆட்டோ போற அளவு மட்டும் வெலகுச்சு. ஹுமாயூன் பறந்துட்டாரு. ஆஸ்பத்திரில பொண்கொழந்த. ரெண்டு உசுரும் பொழச்சுச்சு.

தசரதன்? இன்னிக்கு வரைக்கும் பாலத்தைத் தாண்டல. பேத்தியத் தூக்கினு போயி காட்டுனாங்க. ஏறெடுத்துப் பாக்கல. அங்கயே குந்திகினு, தரையப் பாத்து பேரு பேரா சொல்லிகினு கீறான். முனியம்மாவா... காத்தாயியா... எல்லம்மாவா...

போன வாரம் ஹுமாயூன் அந்தப் பக்கம் போனாரு. ஆட்டோவ நிறுத்திட்டு, மனசு கேக்காம கிட்டப் போயி நின்னாரு.

ஒவ்வொரு பேருக்கும்... தரையிலேர்ந்து பதில் வருதாம்.

"இல்ல."