கோடு போட்ட எலுமிச்சை இலை

உக்காருடா எபி, காபி ஆறுது. சிறுசேரில இருந்து ஊரப்பாக்கம் வர்றதுக்குள்ள பாதி உயிர் போயிருக்கும். உன் வீட்டுல எனக்குன்னு ரூம் ஒழிச்சாச்சு, கர்ட்டன் மாட்டியாச்சு, இன்னிக்கே கூட்டிட்டுப் போறேங்கிற, சரி, கேட்டுக்கிட்டேன். அதுக்கு முன்னாடி இந்த இலையக் கொஞ்சம் பாரு. எலுமிச்சை இலைதான். வெள்ளி கலர்ல வளைஞ்சு வளைஞ்சு கோடு தெரியுதா? நத்தை ஊர்ந்ததா? போடா. காலேஜ் ஜூவாலஜி லேப்ல இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினவளோட தம்பி பேசற பேச்சா இது.

இது மேல் வீட்டு சவுரிமுத்து வளக்கிற செடி. ரயில்வே சிக்னல்ல இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வீட்டம்மா தவறி ஏழு வருஷமாச்சு. மொட்டை மாடில பெயின்ட் பக்கெட்டுல ஆறு எலுமிச்சை வச்சிருக்காரு, ஆறுக்கும் நம்பர் எழுதி. போன ஜூலைல கொழுந்து இலை பூரா இந்த மாதிரி கோடு. மனுஷன் என்ன நெனச்சாரு தெரியுமா? ஃப்ளாட் பசங்க காம்பஸ் முனையால கிறுக்குதுங்கன்னு முடிவு கட்டிட்டாரு. அசோசியேஷன் செகரட்டரி குமரவேலுகிட்ட ரெண்டு பக்கத்துக்குக் கம்ப்ளெயின்ட். ஞாயித்துக்கிழமை மீட்டிங். கீழ் வீட்டு ஷாயிஸ்தாவோட ரெண்டு பொண்ணுங்களும் அழுதுகிட்டு நிக்குதுங்க.

எனக்குப் பொறுக்கல. இலைய வாங்கி லென்ஸ்ல வச்சு, குனிங்க சார், இந்தக் கோடு முடியற இடத்தப் பாருங்கன்னேன். குனிஞ்சவரு நிமிரவே இல்ல. இலையோட தோலுக்கு அடியில, மஞ்சப் பச்சையா, கண்ணாடி மாதிரி ஒரு புழு, தலைய ஆட்டி ஆட்டி தின்னுகிட்டிருக்கு. மேடம், இது உயிரோட இருக்கான்னு கேட்டாரு. உங்களவிட சுறுசுறுப்பா இருக்குன்னு சொன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலமே வீடு வீடா ஏறி இறங்கி, அந்தப் புள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாருடா. பெரியவங்ககிட்ட இல்ல, புள்ளைங்ககிட்ட. நம்ம வீட்டுல எந்த ஆம்பளையாவது மன்னிப்புக் கேட்டு நீ பாத்திருக்கியா? உன்னையும் சேத்துத்தான் கேக்கறேன். சிரிக்காத.

அப்புறம் அவருக்குப் பித்து பிடிச்சுப் போச்சு. இது எங்கேருந்து வருது, என்னவா ஆகும், எல்லாம் தெரிஞ்சே ஆகணும். நானும் விளக்கினேன். தாய்ப்பூச்சி இலைக்கு அடியில பனித்துளி மாதிரி முட்டை வைக்கும், ஒண்ணு ஒண்ணா. பொரிஞ்ச புழு அப்படியே தோலுக்குள்ள நுழைஞ்சிடும். மேல் தோலுக்கும் அடிச்சதைக்கும் நடுவுல சுரங்கம். பசிச்சாலும் அங்கேதான், கழிச்சாலும் அங்கேதான். கோட்டுக்கு நடுவுல கறுப்பா ஒரு நூல் ஓடுது பாரு, அது அதோட எச்சம். கையத் தொடைச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது.

ஒரு கிளைய ஒடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சோம். மேல கொசுவலைத் துணி. இவரு ஒரு நோட்டு போட்டாரு. ரயில் வர்ற நேரம் எழுதின கை இல்லையா, காலை ஆறு பத்து, புழு இடது பக்கம் திரும்பியதுன்னு எழுதறாரு. ஒரு வாரம் போச்சு. புழு இலை ஓரத்துக்கு வந்து, விளிம்ப மடக்கி, அதுக்குள்ள கூடு கட்டிடுச்சு. எழுத ஒண்ணுமில்ல. அசைவில்லை, அசைவில்லைன்னே அஞ்சாறு நாள் எழுதியிருந்தாரு.

ஒரு நாள் விடியக்காலைல பெல் அடிக்கிறாரு. நான் நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு மாடிக்கு ஓடறேன். பூச்சி வந்திருக்கு. எவ்வளவு பெரிசுங்கிற? ரெண்டு மில்லிமீட்டர். ஒரு கடுகு அளவு. வெள்ளி மாதிரி மினுக்கு, றெக்கைல பழுப்புக் கீத்து, ஓரமெல்லாம் மயிர் மயிரா, இறகு மாதிரி. ரெண்டு றெக்கை நுனிலயும் மை வச்சாப்புல ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான் அதோட ஆயுசு. இவரு லென்ஸ வாங்கி உத்து உத்துப் பாத்தாரு. அப்புறம், மேடம், இதைக் கொல்லணுமான்னாரு. உங்க செடி, உங்க இஷ்டம்னேன். துணிய எடுத்து விட்டுட்டாரு.

அதோட பலன், அடுத்த கொழுந்து அத்தனையும் கோடு. நான் திட்டாத திட்டு இல்ல. தினம் சாயங்காலம் ரெண்டு பேருமா உக்காந்து சுருண்ட இலையக் கிள்ளி, வேப்பெண்ணெய் அடிச்சோம். கார்த்திகைக்குள்ள செடி தெளிஞ்சிடுச்சு. வேலை முடிஞ்சுது இல்ல? முடியலடா. தினம் ஒரு இலையோட வாசல்ல வந்து நிக்கறாரு, மேடம், இதுல பூச்சி இருக்கான்னு. பாத்தா சுத்தமான இலை. கோடே இல்ல. ஒரு நாள் இல்ல, பதினோரு நாள். இதுக்கெல்லாம் பாடப் புத்தகத்துல பதில் இல்ல.

ஏன் முழிக்கிற? நீ நெனைக்கிறது சரிதான். பன்னெண்டாவது நாள், சார், இலை இல்லாமயும் வரலாம்னு நான்தான் சொன்னேன்.

அவரு ஆர்.சி., நாம சி.எஸ்.ஐ., ரெண்டு பக்கமும் பேசுவாங்க. பேசட்டும். அதனாலதான் சர்ச்சு பக்கம் போகல. தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒரு மாசம் எங்க ரெண்டு பேரு பேரும் தொங்குச்சு, ஒரு சொந்தக்காரன் கண்ணுலயும் படல. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்தான். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமில்ல. அக்கா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுவ. எனக்கு அம்பத்திநாலு வயசாகுதுடா, யோசிக்க நேரமில்ல. போன வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாச்சு.

மாடிப்படில செருப்புச் சத்தம் கேக்குது பாரு, அவருதான். உன்னைப் பாக்கணும்னு காலைலேருந்து சட்டை மாத்திக்கிட்டிருக்காரு. எழுந்து நிக்கவெல்லாம் வேணாம். சார்னு மட்டும் கூப்பிட்டுடாத, மனசு வாடிப்போவாரு. அத்தான்னு கூப்பிடு.