சேசுராஜ் மாமாவின் மலைவீடு

பொழுது அடங்கிய நேரம். மும்பைக்கு வெளியே, முர்பாடு தாண்டி மலைக்குள் போகிற ஒற்றைத் தார்ச்சாலை. கடைசி பஸ் திரும்பிப் போய்விட்டது. அந்த ரோட்டில் ஒரு மனிதர், தலையில் மூட்டையோடு, தனியாக... சிரித்துக்கொண்டே நடக்கிறார். எனக்கு இந்தக் கதையில் முதலில் பயம் தந்தது அந்தச் சிரிப்புதான்.

ஹரிகிருஷ்ணன், நீ சிரிக்காதே. கரண்டு இல்லாத, நெட்வொர்க் இல்லாத, பக்கத்து வீடே இல்லாத மலையில் குடிசை போடப்போகிறேன் என்று சாயங்காலத்திலிருந்து வீடியோ காட்டிக்கொண்டிருக்கிறாய். போ. தடுக்க நான் யார்? இதைக் கேட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான். பிரபாவதி, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இப்படி நகர்த்து.

அந்த மனிதர் என் நண்பன் சுஜினுடைய தாய்மாமா. பெயர் சேசுராஜ். தாராவியில் தோல் பை தைக்கிறவர். அவர் ரூமுக்கு மேலேயும் மெஷின், கீழேயும் மெஷின். பகலில் ஓடும், ராத்திரியிலும் ஓடும். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மாதக்கணக்கில். கண்ணை மூடினால் தலைக்குள் ஊசி இறங்குகிற சத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை தண்டவாளத்துப் பக்கம் போய் நின்றவரை அவர் மனைவி செல்வமேரி அத்தைதான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அதற்குப் பிறகுதான் சத்தமில்லாத இடம் தேட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ரயில் ஏறிவிடுவார். டிராம்பே பக்கம் சதுப்பு ஓரம் பார்த்தார், ஆலை ராத்திரி முழுக்க இரைந்தது. அம்பர்நாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம், பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தது. கடைசியில் மொபைலில் சிக்னல் செத்துப்போகிற இடமாகப் பார்த்து நடந்து, ஓர் அணைக்கு மேலே இருக்கிற சரிவைக் கண்டுபிடித்தார். ஊர் இருந்த இடம். பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கூரை மிச்சம்.

பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்காரர், "உதர் கோயி நஹி ரெஹ்தா" என்றாராம். அங்கே யாரும் இல்லை. "அதுதான் எனக்கு வேணும்" என்று மாமா சிரித்திருக்கிறார். இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, அந்த ஆள் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தாராம்.

மாமா அங்கே குடியேறிவிட்டார். அரிசி, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பாய். போன் பேச வேண்டுமென்றால் மேலே ஒரு பாறையில் ஏற வேண்டும். முதல் வாரம் அங்கிருந்து அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏட்டி மேரி... தூங்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அழுகைச் சத்தம். அத்தையும் அழுதார். கட்டினவர் காட்டில் கிடந்தாலும் உயிரோடு கிடக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்தச் சான்பாடாவில் குழாயைத் திருகினால் தண்ணீர். தாராவிச் சந்துகளில் அப்படி இல்லை. விடியுமுன் கொஞ்ச நேரம் வரும். யார் முதலில் எழுந்தாலும் பக்கத்து வீட்டுத் தகரத்தைத் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு, அடுத்த வீட்டுச் சுவரைத் தட்ட வேண்டும். இப்படியே சந்து முழுக்க எழுந்து, கேனோடு குழாயடியில் வரிசை நின்றுவிடும். தூக்கக் கலக்கத்திலேயே கை தன்னால் போகும்.

ஒருநாள் விடியுமுன், மலைவீட்டில்... டக். டக்.

மண்சுவர். வெளியே ஆளே இல்லாத காடு. மாமா தூக்கத்திலேயே பதிலுக்குத் தட்டிவிட்டார். புரண்டு படுத்து, மறுபக்கச் சுவரையும் தட்டினார்.

மறுபக்கமும் பதில் வந்தது. அங்கிருந்து அடுத்தது... அடுத்தது... சரிவில் இறங்கி, வெறும் அஸ்திவாரம் மட்டும் இருக்கிற வீடுகள் வழியாக... தண்ணீர் வரைக்கும் போய் நின்றது. அப்புறம் ஈரமண் வாசனை. உள்ளே, பாய்க்குப் பக்கத்தில்.

"பழக்கத்துல தட்டிட்டேம்டி" என்றார் போனில். "இப்ப தெனமும் தட்டுதாவ. எந்திரிக்கலன்னா விட மாட்டேங்காவ."

அதோடு போன் நின்றுவிட்டது.

அத்தை சுஜினைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழி தெரியாமல் சுற்றிப் போய்ச் சேரும்போது நல்ல இருட்டு. வீட்டில் மாமா இல்லை. கீழே அணை ஓரத்தில் இருந்தார். கையில் கேன். சரிவில் தண்ணீரைப் பார்த்து நின்றார். குழாயடியில் முன்னால் நீள வரிசை இருந்தால் எவ்வளவு தள்ளி நிற்போமோ, அந்த அளவு தள்ளி. தோள் ஒடுங்கியிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார்.

"வீட்டுக்கு வாங்க."

"மெதுவா பேசு. லைனை விட்டா திரும்பக் கடைசிக்குப் போவணும். நாளெல்லாம் நிக்கேன் மேரி. கண்ணு சொக்குது. ஒரு நிமிசம் விட மாட்டேங்காவ."

அத்தை இழுத்தார். சுஜின் இழுத்தான். கால் பெயரவில்லை. மாமா குழந்தை மாதிரி அழுதார். தூங்கணும், தூங்கணும் என்று அதையே சொன்னார்.

அப்போது அத்தை, புத்தி பேதலித்தவரைச் சமாதானம் பண்ணுகிறதாக நினைத்து, தாராவிக் குழாயடியில் தினமும் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"சரி, கேனைக் குடுங்க. ஒங்க எடத்துல நான் நிக்கேன். நீங்க போய்ப் படுங்க."

கேன் கை மாறியது. மாமா உடனே திரும்பினார். சரசரவென்று மேலே ஏறினார். ஒருதரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "மாமாவைப் படுக்க வச்சிட்டு வா மக்கா, நான் இங்கனயே நிக்கேன்" என்றார் அத்தை. சுஜின் நம்பிப் போனான். மாமா பாயில் தலை சாய்த்ததும் குறட்டை.

சுஜின் திரும்பி ஓடி வந்தான். சரிவு காலி. டார்ச் அடித்தான். கல், தண்ணீர், ஒரு துணி கூட இல்லை. ஆனால் குரல் மட்டும் கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில், அத்தை குரல், குழாயடிச் சண்டையில் பேசுகிற அதே இந்தியில்.

"தக்கா மத் தோ... லைன் மே ஹூம் நா..."

தள்ளாதே, வரிசையில்தானே நிற்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் அதுவும் இல்லை.

போலீஸ் வந்தது, அணையில் ஆள் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா இப்போது தாராவியில்தான் இருக்கிறார். மேலேயும் கீழேயும் மெஷின் ஓட, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். எழுந்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். சுஜினுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அத்தையை அங்க விட்டுட்டு எப்படித் தூங்குதிய? போய் உங்க எடத்தைத் திரும்ப வாங்கிக்கிட வேண்டியதுதான" என்று கத்திவிட்டான்.

மாமா சொன்னார்:

"போனேம்லே. வாரா வாரம் போறேன். கடைசியிலதான் நிக்க விடுதாவ. கூப்பிட்டா அவளுக்குக் கேக்க மாட்டேங்கு... ரொம்ப முன்னால போயிட்டா. மொத ஆளா தண்ணிக்குள்ள எறங்குனவங்க திரும்பி வர மாட்டேங்காவ. இப்ப அவளுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரே ஒரு பொம்பளதான் நிக்கா."

இதை அவர் சொன்னது நேற்று.