கென்யாவுக்கு உதவப் போகும் பிள்ளை

"ஏலே, சுவத்துக்கு வெள்ளையடிக்கவா கென்யாவுக்குப் போற?"

விருதுநகரில் சிவகாசி பஸ் கிளம்பியதுமே, எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் மகனைக் கேட்டார். அவர் நகக்கண்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பூச்சு மின்னியது. மகன் இன்ஜினியரிங் மாணவன்.

"பாடமும் சொல்லிக் குடுக்கணும்மா. லீவுல ரெண்டு மாசம். வாலன்டியர்னு பேரு."

"வெளிநாடுன்னா வேலைக்குப் போகலாம்ல?"

"படிக்கிறவனுக்கு வேலை விசா தரமாட்டாக."

"அதென்னமோ இன்டர்ன்ஷிப்புன்னியே?"

"அதுக்கு மார்க் பாப்பாக. அரியர் இருந்தா எடுக்கமாட்டாக. வாலன்டியருக்கு யாரு வேணாலும் போகலாம்."

"அப்ப ஒண்ணும் தெரியாதவனாப் பாத்துத்தான் உதவிக்கு அனுப்புதாகளா?"

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாள் விடவில்லை.

"போன வருசம் நம்மூரு விஸ்வநத்தத்துக்கு உதவ வந்து நம்ம வீட்டுல தங்குச்சே வெள்ளக்காரப் புள்ள, அதுவும் வாலன்டியருதான?"

"ஆமா."

"பால்வாடிச் சுவத்துல அது அடிச்ச பெயின்ட் ஒரே மழையில உரிஞ்சு போச்சு. உங்கப்பாதான் சொரண்டிட்டுத் திரும்ப அடிச்சாரு. நான் தீவாளி சீசன்ல கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, அதுக்குக் காரமில்லாம வடிச்சுக் கொட்டுனேன். அது எல்லாரோடயும் நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருச்சு."

"அதுக்கு இப்ப என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் இறங்குனா கென்யாவுல எவ லீவு போடணுமோ, அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிரு."