ஐம்பத்தேழாவது வரி

சந்தியா: இப்ப பாருங்கண்ணா, பேரெல்லாம் தமிழ்ல வருதா?

உமாபதி: வருதுமா. யூனிகோட்ல சேவ் பண்ணல, அதான் கட்டம் கட்டமா வந்துச்சு. ஆனா போன் நம்பரப் பாரு. எல்லாம் 9.4E+09ன்னு நிக்குது.

சந்தியா: நான் அடிச்சப்ப சரியா இருந்துச்சே...

உமாபதி: நம்பர் இருக்கற கட்டம் குறுகிப் போச்சு. அகலப்படுத்திட்டு, டெக்ஸ்ட்னு மாத்திட்டா வந்துடும். இரு... ஆங், வந்துடுச்சு.

சந்தியா: நீங்க கம்ப்யூட்டர் சென்டர சாத்திட்டு வரலன்னா இன்னிக்கு எங்க கதி அவ்ளோதான். வெள்ளத்துக்கு இந்த ஓரிக்கை ஸ்கூல்ல யார் யாரு தங்கி இருக்காங்கன்னு காலைலேர்ந்து போன் மேல போனு.

உமாபதி: பாலாறு இன்னும் வடியல. வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க பாக்கறதுக்கு நெட்டுல இந்த ஒரு பக்கந்தான் இருக்குது. தப்பில்லாம ஏத்தணும்... ஆமா, வாசல் நோட்டுல எத்தினி பேரு?

சந்தியா: எண்பத்து நாலு.

உமாபதி: இந்த லிஸ்ட்டுல எண்பத்து மூணுதான் வருது.

சந்தியா: யாரையாவது ரெண்டு வாட்டி எண்ணி இருப்பாங்க. அப்படியே ஏத்திடுங்கண்ணா.

உமாபதி: பாவுல ஒரு இழை அறுந்தா அப்படியே வுட்டுட்டா நெய்வாங்க?

சந்தியா: பாருங்க, தறிக்காரர் வூட்டு பேச்சு வந்துடுச்சு.

உமாபதி: எங்க தெருவுல வேற என்ன பேச்சு வரும்... இரு இரு. ஓரத்துல நம்பரப் பாரு. ஐம்பத்தாறு, அப்புறம் ஐம்பத்தெட்டு. நடுவுல ஒரு வரிய யாரோ மறைச்சு வெச்சு...

சந்தியா: அத தொடாதீங்கண்ணா.

உமாபதி: நீதானா?

சந்தியா: ...ஆமா.

உமாபதி: தெரிஞ்சுக்கினேவா ஏத்திடுங்கன்னு சொன்ன?

சந்தியா: அவங்க கேட்டுக்கினாங்க. பேரு வெளிய தெரிய வேணாம்னு.

உமாபதி: ஏன், புருஷன்காரன் தேடிக்கினு வருவான்னா?

சந்தியா: ...அப்படின்னு வெச்சுக்கங்க.

உமாபதி: என்ன வயசு?

சந்தியா: இருபத்தாறு. இதெல்லாம் எதுக்குண்ணா? அந்த வரி இல்லாமலே ஏத்திடலாம்.

உமாபதி: கொழந்த இருக்குதா?

சந்தியா: நீங்க கம்ப்யூட்டர் பாக்கத்தான வந்தீங்க...

உமாபதி: பேரு மட்டும் சொல்லு. பிரியதர்ஷினியா?

சந்தியா: அந்த பேரு உங்களுக்கு எப்படி தெரியும்?

உமாபதி: சொல்லுமா. உயிரோட இருக்குதான்னு மட்டும் சொல்லு.

சந்தியா: ...ஆமாண்ணா.

உமாபதி: உயிரோட இருக்குது.

சந்தியா: தண்ணி குடிங்க.

உமாபதி: கம்ப்யூட்டர் பாக்க வரலமா நான். டிவில அவ இருக்கற தெருவ காமிச்சாங்க. கூரை வரைக்கும் தண்ணி. லிஸ்ட்டுல பேரு இருக்குதான்னு பாத்துட்டு, யாருக்கும் தெரியாம போயிடலாம்னு வந்தேன். பேரெல்லாம் தமிழ்ல வந்ததுமே மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாத்தேன்... இல்ல. அவ போயிட்டாளோன்னு நெனச்சேன்.

சந்தியா: உங்களுக்கு அவங்க...

உமாபதி: தங்கச்சி. கூடப் பொறந்தது. வேற சாதில கட்டிக்கினான்னு நாலு வருஷம் முன்ன தல முழுகிட்டோம். அப்பா மேல பழி போட்டுக்கினு இருக்கேன்... அவரு வூட்ட வுட்டே வெளிய வரல. நான்தான் போனேன். அவ வூட்டு வாசல்ல நின்னு, ரெண்டு பேரையும் வெட்டிடுவேன்னு கத்தினேன். வாய்தான்மா. செஞ்சிருக்க மாட்டேன். கொழந்த பொறந்தது எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். ஆணா பொண்ணான்னு கூட கேக்கல. அந்த ஆளு பேரு கூட இன்னிய வரைக்கும் எனக்கு தெரியாது... இப்ப அவள அடிக்கிறானா அந்த ஆளு? சொல்லு, நான் வூட்டுக்கு கூட்டிக்கினு போறேன். எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்.

சந்தியா: அவரு அடிக்கலண்ணா. அவரும் இங்கதான் இருக்காரு. நேத்து அவங்க குடுத்த லிஸ்ட்டுல மூணு பேரு பேருமே இருந்துச்சு, அவங்க பேரும் வெளிய தெரியத்தான் வெச்சிருந்தேன். காலைல நீங்க ஸ்கூல் கேட்டுல வண்டிய நிறுத்தினத ஜன்னல்ல பாத்துட்டு, கொழந்தைய தூக்கிக்கினு என்கிட்ட ஓடியாந்தாங்க. "எங்க அண்ணன் வந்துட்டாரு, என் பேர மறைச்சுடு"ன்னாங்க. உங்களுக்கு பயந்துதாண்ணா அந்த வரிய மறைச்சேன்.