தோல் அட்டை

— லிங்கம்மா… இந்தப் பொட்டியத் தொறந்தது யாரு?

— நாந்தான்.

— பொஸ்தகத்துல தோல் அட்டையக் காணோம். சேலைத் துணி சுத்தியிருக்கு!

— பிரிச்சு எடுத்துட்டு, நம்ம தறித்துணியில ஒற தச்சுப் போட்டேன்.

— அடிப்பாவி! அது நூறு வருசத்துத் தோலுடீ! பாதிரியார் பங்களா ஏலத்துல போனத, மதுரையில தேடிப் பிடிச்சேன்…

— தறிக்கு நூல் வாங்கக் கன்ட்ரோல் ஆபீசுக்குன்னுல்ல மதுரைக்குப் போனீக?

— அதுக்குந்தான்… இதுக்குந்தான்.

— இங்க தறி சும்மா கெடந்துச்சு.

— பேச்ச மாத்தாத. தோலு எங்க?

— சாக்குல கட்டி மாட்டுக் கொட்டத்துல வச்சிருக்கேன். எறியல. நான் ஒண்ணு கேக்கவா? வேதக்காரவுக அவுக சாமிதான் நெசமுன்னு வாதாடி எழுதுன பொஸ்தகம் நமக்கெதுக்கு?

— எத்தன தடவ சொல்றது? சந்தையில பிரசங்கம் பண்றாரே உபதேசி, அவருக்குப் பதில் சொல்லணும்னா…

— இதுவர என்ன பதில் சொன்னீக?

— இன்னும் படிச்சு முடிக்கல.

— போன சந்தையில முன்னால நின்னு தலையாட்டுனீகளாம். பக்கத்து வீட்டு ராமசுப்பு பொண்டாட்டி பாத்துருக்கா.

— வெயிலு… கிறுகிறுன்னு வந்துச்சு.

— ஆமா, ஆமா.

— சிரிக்காத. வயிறெரியுது எனக்கு. மாட்டுத் தோலு வீட்டுக்குள்ள ஆகாதுன்னு எங்கம்மா சொன்னாளா?

— அத்தைக்குப் பொட்டியில என்ன இருக்குன்னே தெரியாது.

— நம்ம புள்ளையப் பொண்ணு பாக்க வர்றவுக கண்ணுல பட்டுருமுன்னா?

— அவுக தையிலதான வாராக.

— பெறகு எதுக்குடி?

— மொதல்ல நீங்க சொல்லுங்க. பதில் சொல்லத்தான் படிக்கிறீகளா?

— …இல்ல.

— நம்புறீகளா?

— படிக்கையில… நம்பத்தான் தோணுது. சௌடம்மன் கோயில்ல மொத மரியாத வாங்குற வீடு இது. வெளிய தெரிஞ்சா தள்ளி வச்சிருவாக. ஒன்னையும் புள்ளையவும் சேத்து. பயமா இருந்துச்சு லிங்கம்மா, அதான் மறச்சேன். இப்ப நீ சொல்லு.

— கோவிக்கக் கூடாது.

— சொல்லு.

— குளிச்சு வெளக்கேத்துன பெறகுதான் எனக்குச் செத்த நேரம் ஒழியும். அப்பத்தான் நானும் இதப் படிக்கிறேன். தோலத் தொட்டா மறுபடியும் குளிக்கணும். இந்த ஊருல தெனம் ரெண்டு குளியலுக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?