காசிநாதன் சாப்பிட்ட நண்டு

எனக்கு நண்டு ஆகாது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு காலைக் கடித்தால் போதும், உதடு இட்லி மாதிரி வீங்கிவிடும். நோய் எதிர்ப்பியல் படித்தபோது நண்டு ஒவ்வாமையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் அதனால்தான். விசாரணைக் குழுவில் நீங்கள் மூவருமே சைவம் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

செங்கல்பட்டில் நம் ஆராய்ச்சி நிலையத்தில் பதவி உயர்வுக்கு ஒரே வழிதான். கட்டுரை எழுத வேண்டும், அதைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்ட வேண்டும். நான் எழுதினேன். 1996 வரை இந்த உலகநாதனை மேற்கோள் காட்டியவன் இதே உலகநாதன் ஒருவன்தான். எனக்குப் பின்னால் சேர்ந்த பக்கத்து அறை ஜெபகுமாரை ஜப்பான்காரர்கள்கூட மேற்கோள் காட்டினார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

நிலையத்தின் காலாண்டு இதழுக்கு நான்தான் ஆசிரியர். ஒருமுறை அச்சுக்குப் போகும் நேரத்தில் சில பக்கங்கள் காலியாக இருந்தன. அந்தப் பக்கங்களில்தான் காசிநாதன் பிறந்தார். தனி ஆராய்ச்சியாளர், கேளம்பாக்கம். முதல் கட்டுரையிலேயே என் ஆய்வுகளை வாய் நிறையப் பாராட்டினார். மெய்ப்புத் திருத்தும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொடர்ந்து எழுதினார். எனக்குப் பேராசிரியர் பதவியும் வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் பாராட்டாகவே இருந்தால் சந்தேகம் வருமே என்று அவருக்கென ஒரு சொந்த யோசனையும் கொடுத்தேன்: நண்டு ஆகாதவர்களுக்குக் கரப்பான்பூச்சியும் ஆகாமல் போகலாம். அப்போது என் மேஜைமீது ஒரு கரப்பான் ஓடியது, அவ்வளவுதான். வெளிநாட்டில் யாரோ சோதித்துப் பார்த்தார்கள். சரியாக இருந்துவிட்டது.

காசிநாதனின் முகவரி என் மைத்துனன் தர்மராஜுடையது. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கட்டுரையின் பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் குவிந்தன.

"மாமா, உன் ஆளுக்கு ஃபாரின்லேர்ந்து கார்டு வந்துகினே கீது. அவ்ளோ பெரிய ஆளா?" என்றான்.

"என்னைவிடவா?" என்றேன்.

என்னைவிடத்தான். 2006-இல் என் கட்டுரை ஒன்று, 'காசிநாதனின் சாயல் அதிகம்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அந்த ஆண்டே மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் மாநாடு. இயக்குநர் நரசிம்மன் என்னைக் கூப்பிட்டு, "காசிநாதனுக்கு சால்வை நான் போடறேன், மாலை நீங்க போடுங்க" என்றார். பரிசாகக் கருங்கல்லில் ஒரு நண்டு செதுக்கவும் சிற்பப் பட்டறையில் சொல்லியாகிவிட்டது. நான் அவருக்கு மாலை போடுவதா? அதனால் கொன்றேன்.

மாரடைப்பு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாவிலும் ஒரு பொருத்தம் வேண்டாமா? கேளம்பாக்கத்தில் நண்டு வறுவல் சாப்பிட்டு மூச்சடைத்துப் போய்விட்டார் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜெபகுமார் குடியிருப்பதும் கேளம்பாக்கத்தில்தான். "சார், எங்க ஏரியால யார் செத்தாலும் விடியறதுக்குள்ள செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துடும். இவ்ளோ பெரிய மனுசனுக்கு ஒண்ணுகூடக் காணோமே?" என்றார்.

நியாயமான கேள்வி. உடனே போஸ்டர் அடிக்கக் கொடுத்தேன். அச்சகத்தில் போட்டோ கேட்டார்கள். பையில் இருந்தது ஒரே போட்டோதான். தர்மராஜுக்குப் பெண் பார்ப்பதற்காக என் மனைவி வசந்தா கொடுத்திருந்தது. கண்ணாடி மட்டும் வரையச் சொன்னேன். மீசையையும் எடுத்திருக்க வேண்டும். அது கவனக்குறைவு.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஏறிய ஒரு அம்மாள் சுவரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கூடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். பின் சீட்டில் ஜெபகுமார் இருந்தார். அவர்தான் உங்களுக்கு எழுதிப் போட்டார்.

தர்மராஜ் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றான். "ஏன் மாமா என்னை சாவடிச்ச? பொண்ணு வூட்ல போஸ்டரைப் பாத்துட்டு வேணான்னுட்டாங்க. சவாரியும் ஏற மாட்டேன்றான்."

பெண் வேறு கிடைக்கும், மேற்கோள் போனால் வராது என்று பொறுமையாக விளக்கினேன். அவன் அழுதான். வசந்தா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆராய்ச்சி என்றால் குடும்பத்தில் இந்த மாதிரி சின்னச் சின்னச் சங்கடங்கள் இருக்கத்தான் செய்யும்.

ஆக, காசிநாதனை உண்டாக்கியதும் நான்தான், கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அவருடைய கட்டுரைகளை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள். எதிர்த்துப் பேச இப்போது அவர் இல்லை. என் உழைப்பின் அருமை தெரிந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார், பாவம்.