பன்னிரண்டு வோல்ட்டுக் காற்று

கிராணி குலசேகரம்: இந்தத் தோட்டத்துச் சகல சனங்களுக்கும் அறியத் தருவது யாதெனில், இன்று தேத்தண்ணி நேரம், கோலாலம்பூரில இருந்து வாற பெரிய துரையின்ர முகத்தில மின்சாரக் காற்று வீசும்! வீசச் செய்பவர், தோட்டத்துக் கணக்கெழுதுற தலைமைக் கிராணி குலசேகரம்!

டிரைவர் நாகூர் கனி: மெதுவா, கிராணியாரே... நம்ம துரை பகல் தூக்கத்துல இருக்காரு. எழும்பிட்டா தொலைஞ்சோம் லா.

கிராணி: பயப்பிடாதையும். மின்சாரம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

டிரைவர்: அப்புறம் ஏன் இந்த மேசைக் காத்தாடிகிட்ட வராம தள்ளி நிக்கிறீங்க?

கிராணி: இது... வெக்கை.

டிரைவர்: வெக்கைக்குக் காத்தாடிய விட்டு விலகுற மனுசன இப்பதான் பாக்குறேன். சரி, காத்தாடி எத்தனை வோல்ட் கேக்குது?

கிராணி: அடியில பொறிச்சிருக்கு. பன்னிரண்டு வோல்ட்.

டிரைவர்: ஃபேக்டரி டைனமோல...

கிராணி: ஐயோ, அதை மட்டும் சொல்லாதையும்! அது நூற்றிப்பத்து! இந்தச் சின்ன மோட்டார் தாங்குமோ? கண் மூடித் திறக்க முந்திப் புகைதான்.

டிரைவர்: நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க.

கிராணி: படிச்சனான் காணும்!

டிரைவர்: சரி சரி. டார்ச்லைட்டு பேட்டரிக் கட்டைய எட்டு அடுக்கினா பன்னிரண்டு வருது.

கிராணி: கணக்கு வரும், பலம் வராது. ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் படுத்திடும். உம்மட லாரி பேட்டரி ஆறு, துரையின்ர கார் பேட்டரி ஆறு. ரெண்டையும் ஒண்டோட ஒண்டு கோத்தால்...

டிரைவர்: கார் பேட்டரி வேணாம் லா!

கிராணி: ஏன் காணும்?

டிரைவர்: துரையோட சாமான்... ஒரு மரியாத.

கிராணி: மரியாதையோ? காத்தாடி சுத்தாட்டில் ரெண்டு பேரும் இண்டைக்கே தோட்டத்தை விட்டு வெளியால எண்டு துரை சொன்னது மறந்து போச்சோ? கழட்டும்!

டிரைவர்: யா அல்லா... இந்தாங்க. இதோட பிளஸ்ல அதோட மைனஸ். கோத்தாச்சு. நீங்களே வயரைத் தொடுங்க, படிச்சவரு.

கிராணி: முருகா... தொட்டிட்டன். கண் திறக்கப் பயமாயிருக்கு. சுத்துதோ?

டிரைவர்: இல்ல... கிராணியாரே, ஏதோ கருகின வாடை.

கிராணி: அது... ரப்பர் புகைக்கூடம்.

டிரைவர்: புகைக்கூடம் காத்தாடிக்குள்ளயா இருக்கு?

கிராணி: மூக்கைப் பொத்தும் காணும்!

டிரைவர்: அந்த நூத்திப்பத்தை... குடுத்துப் பாத்துட்டீங்களா?

கிராணி: காலையில. ஒரு கணந்தான் காணும்... வெளியில சொல்லிப்போடாதையும்.

டிரைவர்: அப்ப பேட்டரி மேல தப்பே இல்ல! அல்ஹம்துலில்லாஹ்!

கிராணி: உமக்கென்ன அவ்வளவு சந்தோசம்? ...கேளும்! பங்களா மணி! துரை எழும்பிட்டார், கார் கேக்கிறார்! பேட்டரியைத் திருப்பி மாட்டும். ஸ்டேஷனுக்குப் போய்ப் பெரிய துரையைக் கூட்டி வாரும். கார் எண்டாலும் ஓடட்டும், காத்தாடிக்கு நான் ஒரு பொய் யோசிக்கிறன்.

டிரைவர்: காருக்கும் சேத்து யோசிங்க. அந்த பேட்டரில ஆசிட் கொறஞ்சிருந்துச்சுன்னு நான் நேத்து ஊத்துனது பேட்டரி ஆசிட் இல்ல, ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்.